நம்பிக்கையா, எதிர்நோக்கா? துன்பத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் பாட்டி 92ஆம் வயதில் காலமானார். பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில், தாத்தாவை அடக்கம் செய்த அதே குழியில் அவரையும் வைத்தோம். சில மாதங்கள் கழித்துக் கல்லில் பாட்டியின் பெயரையும் ஒரு வேத வசனத்தையும் வெட்டுவதென்று முடிவானபோது, அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் இடையே ஒரே ஒரு சொல்லைப் பற்றி வாக்குவாதம் எழுந்தது. பெரியப்பா திருமணத்துக்குப் பின் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தவர். “அந்த நம்பிக்கையினாலே நாம் இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்” என்ற ரோமர் 8:24ஐ அவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அத்தை பிறந்தது முதல் கத்தோலிக்கர். “அண்ணே, நம்ம கோயில் பைபிள்ல அது நம்பிக்கை இல்ல, எதிர்நோக்கு” என்றார் அவர். அந்த ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை யூபிலி ஆண்டு கொண்டாடியதால், ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்ற சொற்றொடர் அவருடைய காதில் ஞாயிறுதோறும் விழுந்துகொண்டிருந்தது. கல் வெட்டுபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டிருந்தார். எதிர்நோக்கு என்றால் ஆறு எழுத்து, நம்பிக்கை என்றால் ஐந்துதான் என்று பெரியப்பா கணக்குக் காட்டினார்.

கிறிஸ்தவ இறையியலை முதன்முதலாக அணுகுகிறவருக்கு இந்தச் சண்டையைவிட நல்ல வாசல் கிடைக்காது என்பது என் எண்ணம். பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், என்றும் நிலைத்திருப்பவை மூன்று என்கிறார். சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் திருவிவிலியத்தில் அவையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அதாவது, நம்பிக்கை என்ற ஒரே தமிழ்ச் சொல் ஒரு வீட்டில் கடவுள்மீது வைக்கும் பற்றுறுதியைக் குறிக்கிறது. அடுத்த வீட்டில் இனி வரப்போவதை நோக்கிக் காத்திருப்பதைக் குறிக்கிறது. இதை அறியாமல் இரு சபையினரும் உரையாடினால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு வேறொன்றாகக் கேட்கும். எனினும் தமிழ் இங்கே தடுமாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஒருவரை நம்புவதும் அவர் கொடுத்த வாக்கு நிறைவேறும் என்று காத்திருப்பதும் பிரிக்க முடியாதவை என்பதைத்தான் இந்தச் சொல் தன்னையறியாமல் சொல்கிறது.

குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் வரப்போவதற்காகக் காத்திருக்கும் மனநிலையை எதிர்நோக்கு என்றே குறிப்பிடுகிறேன். பெரியப்பா மன்னிக்க வேண்டும்.

எதிர்நோக்கு என்பது ‘எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்ற உற்சாக மனநிலை அன்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் இதைத் துல்லியமாக வரையறுத்தார். நாம் எதிர்நோக்கும் பொருள் நல்லதாக இருக்க வேண்டும்; இன்னும் கைக்கு வராததாக இருக்க வேண்டும்; அடைவதற்குக் கடினமானதாக இருக்க வேண்டும்; ஆனாலும் அடையக்கூடியதாக இருக்க வேண்டும். மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ‘எப்படியும் தேறிவிடுவேன்’ என்று புத்தகத்தையே தொடாதவனிடம் இருப்பது எதிர்நோக்கு அன்று, துணிகரம். ‘எனக்கு எங்கே வரப்போகிறது’ என்று தேர்வறைக்கே போகாதவனிடம் இருப்பது அவநம்பிக்கை. அக்குவினாஸ் இவ்விரண்டையும் எதிர்நோக்குக்கு எதிரான பாவங்களாகவே கருதினார். இரண்டுமே முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டதாகப் பாவிக்கின்றன; எதிர்நோக்கோ, முடிவு தன் கையில் இல்லை என்பதை அறிந்தும் காத்திருக்கிறது. கிறிஸ்தவர் இத்துடன் ஒன்றைச் சேர்ப்பர்: அடைய முடியும் என்பதற்கு ஆதாரம் நம் திறமை அன்று, வாக்குக் கொடுத்தவருடைய உண்மை.

அந்த வாக்கின் பெயர்தான் மீட்பு, அல்லது இரட்சிப்பு. இங்கேயும் இரண்டு சொற்கள் உள்ளன. இரட்சித்தல் என்றால் காத்தல். மீட்டல் என்பதோ அடகுக் கடைச் சொல். பள்ளி திறக்கும் மாதத்தில் வளையலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சீட்டைப் பத்திரமாகப் பூட்டி, ஆறு மாதம் கழித்து வட்டியோடு பணம் கட்டி நகையைத் திரும்பக் கொண்டுவருகிறோமே, அந்த மீட்புத்தான். வளையல் யாருடையது என்பதில் ஐயமில்லை. அது இருக்கும் இடம்தான் தவறு. மனிதன் கடவுளுடையவன், பாவத்திலும் சாவிலும் அடகாகக் கிடக்கிறான், இயேசு தம் உயிரை விலையாகக் கொடுத்து அவனை மீட்டார் என்பது புதிய ஏற்பாட்டிலேயே உள்ள உருவகம்.

ஆனால் உருவகத்தை ஓரளவுக்குமேல் இழுக்கக் கூடாது. அந்த விலையை வாங்கிக்கொண்டது யார் என்று கேட்டதும் சிக்கல் தொடங்கிவிடும். பிசாசுதான் என்று தொடக்கத் திருச்சபையில் சிலர் சொன்னார்கள். கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கொடுப்பாரா என்று நசியான்சு கிரகோரி கடிந்துகொண்டார். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி அன்செல்ம், மனிதன் பாவத்தால் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய மாண்பைக் கிறிஸ்து ஈடுசெய்தார் என்று விளக்கினார். அவருக்குச் சற்றுப் பின் வந்த அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம் உள்ளத்தை மாற்றுவதையே முதன்மைப்படுத்தினார். திருச்சபை இவற்றுள் எந்த ஒன்றையும் ‘இது மட்டுமே சரி’ என்று பொதுச்சங்கம் கூட்டி அறிவிக்கவில்லை என்பதைத் தொடக்கநிலை வாசகர் நினைவில் வைத்தால் போதும்.

இதைவிடப் பயனுள்ளது மீட்பின் காலத்தைக் கவனிப்பது. நம் தமிழாசிரியர்கள் முக்காலத்தையும் மனப்பாடம் செய்யவைத்தது இங்கே உதவுகிறது. எபேசியர் மடல் ‘மீட்கப்பட்டீர்கள்’ என்று இறந்தகாலத்தில் சொல்கிறது. கொரிந்தியர் முதல் மடல் ‘மீட்கப்படுகிற நமக்கு’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறது. ரோமர் 5ஆம் அதிகாரம் ‘மீட்கப்படுவோம்’ என்று எதிர்காலத்தில் சொல்கிறது. மூன்றும் பவுலின் பெயரில் வழங்கும் மடல்களே. கிறிஸ்துவின் சாவிலும் உயிர்ப்பிலும் ஒன்று நடந்து முடிந்துவிட்டது. அதன் விளைவு இன்று நம்முள் நடந்துகொண்டிருக்கிறது. அதன் நிறைவு இன்னும் வரவில்லை. பெரியப்பா கொண்டுவந்த வசனத்தில் உள்ள ‘இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்’ என்ற வினைமுற்றைப் பாருங்கள்: நடந்தும் விட்டது, அந்த நிலை தொடரவும் செய்கிறது. நடந்துவிட்டதைச் சொல்லும் அந்த வினையை, இன்னும் காணாததற்காகக் காத்திருக்கும் எதிர்நோக்கோடு பவுல் ஒரே வாக்கியத்தில் கட்டிவைக்கிறார். கிறிஸ்தவர் நிற்கும் இடம் இந்த ‘ஆயிற்று’ என்பதற்கும் ‘இன்னும் இல்லை’ என்பதற்கும் நடுவில் இருக்கிறது. துன்பம் நிகழ்வதும் அங்கேதான்.

அந்த மீட்பு கடவுளின் அருளால் வருகிறதா, மனிதனின் நற்செயல்களால் வருகிறதா என்று 16ஆம் நூற்றாண்டு முதல் சபைகள் பிரிந்து நின்றது உண்மை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் திருச்சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அருளே முதன்மை, நற்செயல்கள் அதன் கனிகள் என்ற அடிப்படையில் உடன்பாடு கண்டன. 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதனுடன் இணைந்தது. ஆகவே என் அத்தையும் பெரியப்பாவும் கொள்கையளவில் சமாதானமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. செய்திதான் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

இனி, துன்பம். ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அங்கே வரும் மக்களின் முகங்களைப் பார்த்திருப்பார்கள். பாட்டியின் கடைசிக்கு முந்தைய திருவிழாவில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் இளம் தாய், நடக்க இயலாத ஐந்தாறு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எரியும் மெழுகுவத்தியின் மெழுகு பிள்ளையின் காலில் சொட்டாதபடி தன் உள்ளங்கையை அடியில் பிடித்திருந்தார். மெழுகு அவர் கையில் சொட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற இரு பெண்களில் ஒருவர், தணிந்த குரலில் என்று நினைத்துக்கொண்டு, “என்ன பாவம் செஞ்சாங்களோ” என்றார். அந்தத் தாய் திரும்பவில்லை.

இந்தக் கேள்வி புதிதன்று. இயேசுவின் சீடர்களே கேட்டதுதான். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இவன் பார்வையற்றுப் பிறக்கக் காரணம் இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இருவருமே அல்லர் என்று இயேசு மறுத்துவிட்டார் (யோவான் 9). சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைத் தாமே குறிப்பிட்டபோதும், அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களோ, இல்லை என்றார் (லூக்கா 13). வினைப்பயன், தலையெழுத்து என்ற சொற்கள் நம் பேச்சில் ஊறிப்போனவை. ஞானஸ்நானம் பெற்றவர் வாயிலும் அவை தாமாகவே வந்துவிடுகின்றன. ஆனால் துன்பப்படுகிறவர் துன்பத்துக்குத் தகுதியானவர் என்று அடையாளம் காட்டும் உரிமையை நற்செய்தி நூல்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. செல்வமும் சுகமும் இருந்தால் கடவுளின் ஆசீர்வாதம், நோய் வந்தால் விசுவாசக் குறைவு என்று கற்பிக்கும் செழிப்பு உபதேசத்தை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம்: பழைய ‘என்ன பாவமோ’வுக்குப் புதிய சட்டை போட்டதுதான் அது.

யோபு நூல் இதை இன்னும் ஆழமாகப் பேசுகிறது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து, உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபைப் பார்க்க நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு நாள் ஏழு இரவு ஒரு சொல்லும் பேசாமல் தரையில் அவரோடு அமர்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் செய்ததெல்லாம் சரி. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ தவறு செய்திருக்கிறாய் என்று ஒருவர் மாற்றி ஒருவர் விளக்கினார்கள். யோபோ கடவுளையே வழக்குக்கு அழைத்தார். நூலின் முடிவில் கடவுள், தம்மைத் தற்காத்துப் பேசிய நண்பர்கள்மீது சினம் கொண்டு, தம்மோடு வழக்காடிய யோபு பேசியதே சரி என்கிறார். துக்க வீட்டுக்குப் போகுமுன் இந்தப் பகுதியை ஒரு முறை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

தீமை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் விடை தேடாமல் இல்லை. தீமை தனிப்பொருள் அன்று, துணியில் விழுந்த ஓட்டையைப் போல நன்மையின் இன்மை. மனிதன் தன் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தது என்று 5ஆம் நூற்றாண்டில் மறைந்த அகுஸ்தீன் விளக்கினார். மனிதன் குழந்தையாகப் படைக்கப்பட்டவன், வளர்ந்து முதிர வேண்டியவன் என்பது அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த இரேனியுவின் பார்வை. இந்த வளர்ச்சியில் துன்பத்துக்கும் பங்குண்டு என்று பிற்காலத்தவர் விரித்தனர். இரண்டும் படிப்பதற்கு உரியவை. இரண்டையும் மருத்துவமனைக் கட்டிலருகே சொல்லாதிருப்பது மேல். ‘உபத்திரவம் பொறுமையையும் பொறுமை பரீட்சையையும் பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது’ என்ற பவுலின் வாக்குக்கும் இது பொருந்தும். அவர் தம் சொந்த உபத்திரவத்தைப் பற்றி எழுதியது அது; இன்னொருவர் வாயை அடைக்க எழுதியது அன்று.

20ஆம் நூற்றாண்டில் கேள்வி திசை மாறியது. துன்பம் ஏன் என்பதைவிட, துன்பத்தின்போது கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படிக் கேட்டவர்களுள் ஒருவர் ஜெர்மானியரான யூர்கன் மோல்ட்மான். 1943 ஜூலையில் நேச நாட்டு விமானங்கள் ஹம்பர்க் நகரைக் குண்டுவீசி எரித்தபோது அவருக்கு 17 வயது. விமான எதிர்ப்புப் பிரிவில் உதவியாளராக நின்ற அவருக்குப் பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான், அவர் பிழைத்தார். சமய ஈடுபாடு இல்லாத குடும்பத்துப் பிள்ளையான அவர் அன்றுதான் முதன்முதலாகக் கடவுளே, எங்கே இருக்கிறீர் என்று கதறினார். பின்னர் பிரிட்டிஷாரின் போர்க்கைதியாக ஸ்காட்லாந்தில் இருந்தபோது கையில் கிடைத்த வேதாகமத்தில் மாற்கு நற்செய்தியை வாசித்தார். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று இயேசு சிலுவையில் கதறும் இடத்துக்கு வந்தபோது, என்னைப் புரிந்துகொள்கிறவர் இவர்தான் என்று உணர்ந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். எதிர்நோக்கை இறையியலின் நடுவில் வைத்து அவர் 1964இல் எழுதிய நூலும், சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி 1972இல் எழுதிய நூலும் அந்த இரவிலிருந்து பிறந்தவை. அவர் 2024 ஜூனில் மறைந்தார்.

அதே 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டியின் மூத்த அண்ணனும் அங்கே போனவர். பாட்டியின் கணக்குப்படி அவருக்கும் அப்போது 17 வயதுதான். திரும்பி வரவில்லை, குழி எங்கே என்றும் தெரியாது. நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நாளன்று, தாத்தாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது பாட்டி எப்போதும் ஒரு வத்தியைத் தனியே, கல்லின் ஓரமாக ஏற்றிவைப்பார். கேட்டால் “அண்ணனுக்கு” என்பார். இறந்தவர்களுக்காக மன்றாடும் வழக்கம் மெதடிஸ்ட் சபையில் இல்லாததால் பெரியப்பா அந்நேரத்தில் சற்றுத் தள்ளி நிற்பார். என்றாலும் காற்றில் அணைந்த வத்தியைப் பலமுறை திரும்ப ஏற்றியவரும் அவரே.

ஹம்பர்க்கில் கேட்ட கேள்வியை அந்தப் பாதையோரத்தில் கிடந்தவர்களும் கேட்டிருப்பார்கள். கிறிஸ்தவம் அவர்களுக்குக் கொடுக்கும் பதில் ஒரு விளக்கம் அன்று, ஓர் ஆள். நிரபராதியாக, அந்நிய ஆட்சியின் கையில், ஊருக்கு வெளியே, கைவிடப்பட்டவராகச் செத்தவர் கடவுளின் மகன் என்று அறிக்கையிடுவதன் பொருள், அந்த இடத்துக்குக் கடவுள் அந்நியர் அல்லர் என்பதே. கடவுள் தம் இறையியல்பில் துன்பத்துக்கு உட்படாதவர் என்று பழந்திருச்சபை கற்பித்தது. மகன் தாம் ஏற்ற மனித இயல்பில் துன்பப்பட்டார் என்றது. மோல்ட்மான் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, மகன் சாவைத் துன்புற்றார், தந்தை மகனின் இழப்பைத் துன்புற்றார் என்றார். கிணற்றில் விழுந்தவனைக் காப்பாற்றக் குதித்தவரும் மூழ்கிப்போனால் யார் யாரைத் தூக்குவது என்று இதை மறுக்கிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மேலே நின்று கயிறு மட்டும் வீசுகிறவரைவிட இறங்கி வருகிறவரை நம்புவது எனக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இறங்கியவர் ஏறியும் வந்தார் என்பதும் சேர்ந்தால்தான் அது நற்செய்தி.

ஆகவே உயிர்ப்பு இல்லாமல் எதிர்நோக்கு இல்லை. ‘ஆன்மா உடலை விட்டுப் பறந்து மேலே போய்விடும்’ என்பதே கிறிஸ்தவக் கொள்கை என்று பலர் எண்ணுகிறார்கள். விசுவாச அறிக்கை சொல்வது அதைவிடத் துணிச்சலானது: உடலின் உயிர்ப்பு. ரோமர் 8ஆம் அதிகாரம் அதையும் தாண்டி, படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவித்து விடுதலைக்காகக் காத்திருக்கிறது என்கிறது. பேறுகால வேதனை என்ற உவமை கவனத்துக்குரியது. அதன் முடிவில் ஒரு பிள்ளை இருக்கிறது, ஆனால் வலி பொய்யன்று. உயிர்த்த இயேசு, தம் உயிர்ப்பை நம்ப மறுத்த சீடர் தோமாவுக்குக் காட்டியது தழும்புகளை. அந்த உடலில் காயத்தின் அடையாளம் அழிக்கப்படவில்லை. நடந்த துன்பம் நடக்காததுபோல ஆக்கப்படுவது மீட்பு அன்று என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். பெயர் தெரியாத குழியில் கிடக்கும் 17 வயதுப் பையனுக்கு வாக்களிக்கப்படுவதும் அவனுடைய கதை அழிக்கப்பட்ட ஒரு நித்தியம் அன்று.

அதுவரை புலம்புவதற்கும் இடமுண்டு. திருப்பாடல்களில், அதாவது சங்கீதங்களில், பல முறையீடுகளே. 88ஆம் பாடல் ஒரு வரி ஆறுதல்கூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. புலம்புகிறவர் எதிர்நோக்கை இழந்தவர் அல்லர். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நினைப்பதால்தானே முறையிடுகிறார்.

கல்லறைக் கல் விஷயம் இப்படி முடிந்தது. பாட்டி நம்பிக்கை என்றும் சொன்னதில்லை, எதிர்நோக்கு என்றும் சொன்னதில்லை என்று அம்மா நினைவூட்டினார். அவர் வாழ்நாளெல்லாம் சொன்னது, “ஆண்டவர் பாத்துக்குவாரு” என்பதைத்தான். அதை மற்றவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் அவருக்கு இல்லை. தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார், சொல்லிக்கொண்டே ஒரு மங்கில் சோறும் இன்னொன்றில் குழம்பும் எடுத்துக்கொண்டு, கணவனை இழந்த பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் போய் உட்கார்ந்திருப்பார். ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் கேட்டபோது ஆபிரகாம் சொன்ன பதிலும் ‘பார்த்துக்கொள்வார்’ என்பதுதான் என்று பெரியப்பா ஆதியாகமம் 22ஐத் திறந்து காட்டினார். அத்தை தம் புத்தகத்தில் தொடக்க நூல் 22ஐப் புரட்டினார். அதே சொல்தான் அங்கேயும் இருந்தது.

‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்றால் பதினான்கு எழுத்து. பெரியப்பாவே பணத்தைக் கட்டினார்.